சுட்ட கட்டியையே தடுப்பூசியாக்குவது: ஐசிஜி, ஆர்837 துகளும் 808 நானோமீட்டர் லேசரும்

லேசர் சூட்டில் சாகும் புற்றுக்கட்டி தன் புரதங்களை வெளியே கொட்டுகிறது. அந்த நேரத்தில் பக்கத்திலேயே நோயெதிர்ப்புத் தூண்டி ஒன்று இருந்தால் அந்தக் கட்டியே தடுப்பூசியாக வேலை செய்யும். சீனாவின் சூச்சோ பல்கலைக்கழகத்தில் லியூ ஜுவாங் குழு 2016இல் வெளியிட்ட முறை இதைத் தொடங்க நல்ல இடம். பிஎல்ஜிஏ பாலிமர் துகளுக்குள் ஒளியைச் சூடாக மாற்றும் ஐசிஜி சாயமும், நோயெதிர்ப்புச் செல்களின் டிஎல்ஆர்7 ஏற்பியைத் தூண்டும் ஆர்837 (இமிக்விமோட்) மருந்தும் இருக்கும். கூடவே, நோயெதிர்ப்புக்குப் பிரேக் போடும் சிடிஎல்ஏ-4 புரதத்தைத் தடுக்கும் ஆன்டிபாடி. கீழே உள்ளது சுண்டெலி ஆய்வுக்கான வழிமுறை, நோயாளிக்கானது அல்ல. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்த பிறகே தொடங்குங்கள்.

துகள் தயாரிப்பு சிக்கலானதல்ல. 20 மி.கி. பிஎல்ஜிஏவை 1 மி.லி. டைக்குளோரோமீத்தேனில் கரையுங்கள். ஐசிஜி 1 மி.கி., ஆர்837 1 மி.கி. இரண்டையும் 0.1 மி.லி. டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து அதில் சேருங்கள். கண்ணாடிக் குப்பியே வேண்டும், பாலிஸ்டைரீன் குழாய் டைக்குளோரோமீத்தேனில் கரைந்துவிடும். இந்தக் கலவையை துகள்கள் ஒட்டாமல் காக்கும் பிவிஏ பாலிமர் கரைசல் (5%) 5 மி.லி.யில் விட்டு, ஐஸ் மேல் வைத்து, 5 விநாடி ஓட்டம் 5 விநாடி ஓய்வு என 3 நிமிடம் சோனிகேட் (மீயொலியால் உடைத்தல்) செய்யுங்கள். பிறகு 20 மி.லி. தண்ணீரில் ஊற்றி, ஆவியை வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் இருட்டில் 4 மணி நேரம் கலக்கவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் மூன்று முறை கழுவுங்கள். ஐசிஜி தண்ணீரிலும் வெளிச்சத்திலும் வேகமாகச் சிதையும். அன்றைய துகளை அன்றே பயன்படுத்துவது நல்லது. கழுவிய நீர் அடர்பச்சையாக வந்தால் சாயம் துகளுக்குள் போகவில்லை என்று பொருள். எடுத்துப் போட்ட அளவை வைத்து டோஸ் கணக்கிடாதீர்கள். துகளை டிஎம்எஸ்ஓவில் கரைத்து, உள்ளே எவ்வளவு சாயமும் மருந்தும் இருக்கின்றன என்று அளந்த பிறகே டோஸ் போடுங்கள்.

பலர் தவறவிடுவது எண்டோடாக்சினை. பாக்டீரியாவின் இந்த எச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கட்டியின் புரதத்தை நோயெதிர்ப்புக்கு எடுத்துக் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் தூண்டப்படும், நீங்கள் அதை ஆர்837இன் வெற்றி என்று எழுதிவிடுவீர்கள். கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரியில் 30 நிமிடம் சுட்டெடுங்கள். ஒவ்வொரு தொகுதித் துகளையும் எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனைக்கு அனுப்புங்கள்.

விலங்குக்கு பால்ப்-சி வெள்ளைச் சுண்டெலியும் 4டி1 மார்பகப் புற்றுச் செல்லும் பொருந்தும். கருப்பு எலியின் ரோமமும் நிறமியும் 808 நானோமீட்டர் ஒளியைத் தாமே உறிஞ்சித் தோலைச் சுட்டுவிடும். கட்டி (நீளம் × அகலம் × அகலம் ÷ 2) 50 முதல் 100 கன மி.மீ. ஆனதும், துகள் கரைசல் 50 மைக்ரோலிட்டரைக் கட்டிக்குள் மெதுவாகச் செலுத்தி, ஊசியை ஒரு நிமிடம் உள்ளேயே விட்டு எடுங்கள். வேகமாக அழுத்தினால் பாதி மருந்து வெளியே கசிந்துவிடும்.

இனி சூடு. முழுக் கவனமும் இங்கேதான் தேவை. ஒளிப்புள்ளியின் விட்டம் 1 செ.மீ. என்றால் பரப்பு 0.785 சதுர செ.மீ., ஆக 0.4 வாட் என்பது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 0.5 வாட். இந்த ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. இந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் அறைக்குள் இருக்கக்கூடாது. வெப்பக் கேமரா காட்டுவது தோலின் சூட்டை மட்டும்தான். உலோகத் தெர்மோகப்பிளை உள்ளே விட்டால் அதுவே ஒளியை உறிஞ்சிக் கூடுதலாகக் காட்டும், அதனால் ஃபைபர் ஆப்டிக் உணரியே வேண்டும். ஐசிஜி வெளுத்துப்போவதால் முதல் சில நிமிடங்களில் ஏறிய சூடு பிறகு இறங்கும், பவரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டே இருங்கள்.

43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அதே பாதிப்புக்குத் தேவைப்படும் நேரம் பாதியாகும். 45 டிகிரியில் 10 நிமிடம், 43 டிகிரியில் 40 நிமிடத்துக்குச் சமம். 50 டிகிரியில் அதே 10 நிமிடம், 43 டிகிரியில் 1,280 நிமிடத்துக்குச் சமமாகிவிடும். 5 டிகிரி பிசகினால் ஆய்வே வேறாகிவிடும். சூடு குறைந்தால் செல்கள் தம்மைக் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தை உருவாக்கித் தப்பும். மிஞ்சினால் புரதங்கள் வெந்து உறைந்து, ரத்தக்குழாயும் அடைபட்டு, டென்ட்ரிடிக் செல் உள்ளே வர வழியில்லாமல் போகும். எனவே முதலில் தட்டில் வளர்த்த செல்களை மூன்று வெப்ப அளவுகளில் சுட்டு, மேற்பரப்பில் கால்ரெட்டிகுலின் (சாகும் செல்லை விழுங்கச் சொல்லும் அடையாளப் புரதம்) எதில் அதிகம் என்று பாருங்கள். செத்து ஓட்டை விழுந்த செல்லுக்குள், இதைக் காட்டும் ஒளிரும் ஆன்டிபாடி புகுந்து பொய்யாக ஒளிரும், செத்த செல்லை அடையாளம் காட்டும் சாயம் போட்டு அவற்றைக் கழித்துவிடுங்கள்.

சுட்ட கட்டி மறைந்தால் அது சூட்டின் வேலை. தடுப்பூசிக்குச் சான்று எதிர்ப்பக்க விலாவில் வைத்த, லேசரும் துகளும் படாத இரண்டாவது கட்டி. குறைந்தது ஆறு குழுக்கள் வேண்டும்: உப்புநீர், லேசர் மட்டும், துகள் மட்டும், ஆர்837 இல்லாத துகளும் லேசரும், முழுத் துகளும் லேசரும், அதோடு ஆன்டிபாடியும். ஆன்டிபாடி மட்டும் கொடுத்த குழு ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. 4டி1 கட்டி தானாகவே மண்ணீரலை வீங்க வைக்கும், அதை நோயெதிர்ப்பின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். நிணநீர்க் கணுவில், தூண்டப்பட்டதைக் காட்டும் சிடி80, சிடி86 புரதங்கள் ஏறிய டென்ட்ரிடிக் செல்களை எண்ணுங்கள்.

பிழைத்த எலிகளுக்கு 40 நாள் கழித்து ஒரு விலாவில் 4டி1, மறுவிலாவில் வேறொரு பால்ப்-சி புற்றுச்செல் செலுத்துங்கள், பக்கத்தில் அதே வயதுப் புது எலிகளையும் வைத்து. முதல் விலாவில் வளராமல் மறுவிலாவில் வளர்ந்தால், உடல் 4டி1ஐ நினைவில் வைத்திருக்கிறது.