பெட்ரூம்ல பூ டிசைன் போடணுமா? கல்யாண மண்டபம் ஆகாம பண்ற வழி

மொதல்ல நான் பண்ண கூத்த சொல்லிடறேன். எங்களது வாடகை வீடு, பெட்ரூம் 10-க்கு 11 அடி, ஒரே ஒரு ஜன்னல். பூ போட்ட ரூம் வேணும்னு ஆசைப்பட்டு பெட்ஷீட்ல ரோஜா, ஸ்கிரீன்ல சூரியகாந்தி, தலகாணி உறையில பேர் தெரியாத ஏதோ ஊதாப்பூ, பீரோ கதவுல ஸ்டிக்கர் பூ, பத்தாததுக்கு கால்மிதியிலயும் பூன்னு வாங்கி அடுக்கிட்டேன். தனித்தனியா பாத்தா எல்லாமே அழகு தான். ஊர்லேருந்து வந்த அம்மா வாசப்படியிலயே நின்னு ஒரு சுத்து பாத்துட்டு "என்னடி, யாருக்கோ வளைகாப்பு பண்ணிட்டு டெக்கரேஷன பிரிக்காம விட்டுட்டீங்களா"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே பாதிய கழட்டிட்டேன். அப்புறம் ஒரு வருஷமா ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி கத்துக்கிட்டது தான் இது.

எல்லாரும் சுவத்துல தான் ஆரம்பிக்கிறாங்க, நான் வேணாம்னு சொல்லுவேன், துணியில ஆரம்பிங்க. கணக்கு சிம்பிள். குயின் சைஸ் கட்டில் 60-க்கு 78 இன்ச், அதாவது முப்பத்திரண்டு சதுர அடி கிட்ட வருது, நம்ம ரூமே 110 சதுர அடி தான், அப்போ கதவ தொறந்ததும் கண்ணுல படறதுல பெரும்பங்கு பெட்ஷீட் தான். பெரிய பூவ அங்க போடுங்க. புடிக்கலன்னா துவைக்க போட்டுட்டு வேற விரிச்சுக்கலாம், சுவத்த அப்படி துவைக்க போட முடியுமா?

கடையில துணிய மடிச்சு வெச்சபடியே பாத்து வாங்காதீங்க. விரிக்க சொல்லி பத்து அடி தள்ளி நின்னு பாருங்க, கடக்காரர் மொறச்சாலும் பரவால்ல. ரொம்ப பொடிப்பூவா இருந்தா தூரத்துல பூவே தெரியாது, ஏதோ தூசி கொட்டின மாதிரி இருக்கும். ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேர்ல அச்சு வெச்சு போடற துணி வெள்ளையில சின்ன சின்ன பூவா வரும், அது தலகாணி உறைக்கு சூப்பர். மசூலிப்பட்டினம் கலம்காரி கொடி கொடியா பெருசா ஓடும், அது பெட்ஷீட்டுக்கு. கலம்காரி வாங்கினா மொத தடவ தனியா, கல்லுப்பு போட்ட தண்ணியில அலசி நெழல்ல காய வைங்க, மத்த துணியோட சேத்து போட்டீங்கன்னா அன்னிக்கு வீட்ல எல்லாருக்கும் கலர் பனியன் தான்.

(நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், இந்த 'இங்கிலீஷ் ஸ்டைல்' பூந்துணின்னு இப்ப விக்கிறாங்களே, அதுவே நம்ம சோழமண்டல கரையிலேருந்து கப்பல்ல போன சீட்டித்துணிய (பூ அச்சு போட்ட பருத்தித்துணி) பாத்து அவங்க போட்டது தான். ஐரோப்பாவுல அதுக்கு எவ்ளோ கிராக்கின்னா, அவங்க ஊரு நெசவாளிங்க பொழப்பு போகுதுன்னு 1686-ல பிரான்ஸ்ல தடையே போட்டுட்டாங்க, 1721-ல இங்கிலாந்துலயும் அச்சுத்துணிய உடுத்தக்கூட கூடாதுன்னு சட்டம். அதனால பூந்துணின்னா ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம்னு நெனச்சு கூச்சப்பட வேணாம்.)

பெரிய பூ ஒண்ணு வந்தாச்சா, இனிமே வாங்கற எதுலயும் பெரிய பூ கூடாது. பூவுக்கு பக்கத்துல இன்னொரு பூ சண்ட போடும், கட்டமோ கோடோ புள்ளியோ போடாது. பெட்ஷீட்ல இருக்கற பூவுலேருந்து ஒரு கலர எடுத்துக்கோங்க, பூவோட கலர விட இலையோட கலரோ தண்டோட கலரோ எடுத்தா இன்னும் நல்லா வரும், அந்த கலர்ல கட்டம் போட்ட போர்வை ஒண்ணு கால்மாட்டுல மடிச்சு போடுங்க. நான் சென்னிமலை போர்வை போட்டிருக்கேன், பச்சையும் வெள்ளையும். கீழ பவானி ஜமக்காளம், அது பட்ட பட்டயா கோடு தானே, பாந்தமா ஒக்காந்துடுச்சு. ரெண்டும் புதுசா வாங்கல, பரண்ல கெடந்தது.

இப்போ ஸ்கிரீன். இதுக்கு தான் நான் அதிகமா மெனக்கெட்டேன். பழைய காட்டன் புடவை, கெட்டியா இருக்கற ஒண்ண எடுங்க, ஒடம்புல சின்ன கொடியும் ஓரத்துல பார்டரும் இருந்தா போதும். புடவை அஞ்சரை மீட்டர், அதாவது 216 இன்ச். ஏழு அடி ஸ்கிரீனுக்கு 84 இன்ச், மேல ராடு போறதுக்கும் கீழ மடிச்சு தைக்கிறதுக்கும் சேத்து 92 இன்ச் வெச்சுக்கோங்க, ரெண்டு ஸ்கிரீனுக்கு 184 போச்சு, மிச்சம் 32 இன்ச். முந்தானை கிட்டத்தட்ட அவ்ளோ தான் இருக்கும்! அதனால மொதல்ல முந்தானைய வெட்டி தனியா வைங்க, இல்லன்னா ஒரு ஸ்கிரீன்ல மட்டும் முந்தானை தொங்கும், இன்னொண்ணு மொட்டையா நிக்கும். அந்த முந்தானை துண்டுல 16 இன்ச் குஷன் கவர் ஒண்ணு, முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும், தாராளமா வந்துடும். வெட்றதுக்கு முன்னாடி பால்ஸ பிரிச்சுடுங்க. அப்புறம் முக்கியமான விஷயம், ரெண்டு துண்டையும் தரையில போட்டு பூவோட தல எந்த பக்கம் பாக்குதுன்னு பாத்து சாக்பீஸ்ல 'மேல'ன்னு எழுதி டெய்லர் கிட்ட குடுங்க. நான் எழுதாம குடுத்துட்டேன், ஒண்ணுல கொடி மேல ஏறுது, இன்னொண்ணுல தலகீழா எறங்குது, பிரிச்சு திரும்ப தைக்க ரெண்டாவது தடவ கூலி.

மேக்கு பாத்த ஜன்னலா இருந்தா உள்ளுக்கு வெள்ளை லைனிங் குடுத்தே ஆகணும், நம்ம ஊரு வெயிலுக்கு ஒரே கோடையில கலரெல்லாம் வெளுத்துடும். ராட ஜன்னலுக்கு சரியா மேல மாட்டாம ஒரு ஆறு இன்ச் தள்ளி ஒசரமா மாட்டுங்க, ரூம் ஒசரமா தெரியும். நாலு அடி ஜன்னலுக்கு ரெண்டு புடவை அகலம் சேந்து ஏழரை அடி வரும், மடிப்பு விழறதுக்கு அது போதும்.

சுவத்துக்கு வர்றேன். சொந்த வீடு தான், ஒரு சுவத்துக்கு வால்பேப்பர் ஒட்டியே தீருவேன்னா கட்டில் தலமாட்டு சுவர் மட்டும் பண்ணுங்க. வழக்கமா கெடைக்கிற ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். பத்தடி அகல சுவத்துக்கு ஆறு பட்ட வேணும், ஒம்பதரை அடி ஒசரம்னா ஒரு ரோல்ல மூணு பட்ட, ஆக ரெண்டு ரோல். ஆனா பூவ பூவோட சேத்து ஒட்டறப்போ மேலயும் கீழயும் வீணாகும், மூணாவது ஒண்ணு வாங்கிடுங்க, எல்லாத்துலயும் பேட்ச் நம்பர் ஒண்ணா இருக்கான்னும் பாத்துடுங்க, இல்லன்னா கலர் லேசா மாறும். சுவத்துல ஓதம் இருந்தா இந்த பக்கமே போகாதீங்க. வாடகை வீட்டுக்காரங்க ஸ்டிக்கர் மாதிரி ஒட்டற டைப்ப வாங்கினா பழைய டிஸ்டெம்பர் மேல அது நிக்கவே நிக்காது, நின்னா இன்னும் மோசம், உரிக்கறப்போ பெயின்ட்டும் சேந்து வரும், அட்வான்ஸ்ல கை வெச்சுடுவாங்க.

அதுக்கு பதிலா படம் மாட்டுங்க. பழைய காலத்து செடி படங்கள் காப்பிரைட் இல்லாம நெட்ல கெடைக்குது, பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி சைட்ல போய் பாருங்க. 1678-லேருந்து 1693 வரைக்கும் 12 பாகமா வந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்'னு ஒண்ணு இருக்கு, கொச்சியில டச்சுக்காரங்க கவர்னரா இருந்த வான் ரீட் போட வெச்சது, நம்ம பக்கத்து பலா, வாழை, தென்னை எல்லாம் படத்துல இருக்கும், ஓரத்துல மலையாள எழுத்துல பேரு வேற. ராக்ஸ்பர்க்னு ஒரு தாவர ஆராய்ச்சியாளர் போட்ட சோழமண்டல கரை செடிகள் புக்கும் (1795-ல ஆரம்பிச்சது) கலர்ல அவ்ளோ அழகு, வரைஞ்சதெல்லாம் நம்ம நாட்டு ஓவியருங்க. பெரிய சைஸ்ல டவுன்லோட் பண்ணி, கலர் பிரின்ட் கடையில பளபளப்பு இல்லாத கெட்டி பேப்பர்ல ஏ4 போட்டு, மூணு ஒரே மாதிரி ஃப்ரேம், முடிஞ்சுது. கட்டில் தலமாட்டுக்கு மேல ஏழெட்டு இன்ச் விட்டு மாட்டுங்க, ரொம்ப மேல போனா காலண்டர் மாட்டின மாதிரி ஆயிடும்.

லைட்ட யாரும் யோசிக்கறதே இல்ல. வெள்ளை ட்யூப்லைட்ல எந்த பூவும் செத்த பூ மாதிரி தான் தெரியும். 3000கே-ன்னு போட்டிருக்கற மஞ்ச பல்பு ஒண்ணு கட்டில் பக்கத்துல வைங்க, படிக்கறதுக்கு ட்யூப்லைட்டும் இருக்கட்டும்.

உசுரோட செடி வேணும்னா ஸ்நேக் பிளான்ட்டும் மணி பிளான்ட்டும் போதும், ஏசி ரூம்ல அரீக்கா பாம் வெச்சு நுனியெல்லாம் கருகி தூக்கி போட்டவ நான். ஸ்நேக் பிளான்ட்டுக்கு மண்ணு நல்லா காஞ்சதுக்கு அப்புறம் தான் தண்ணி, பாசத்துல தெனமும் ஊத்தினா வேர் அழுகிடும். மணி பிளான்ட்ட பாட்டில் தண்ணியில வைக்கறவங்க வாரத்துக்கு ஒரு தடவ தண்ணிய கொட்டி, பாட்டில் உள்பக்கத்த தேச்சு கழுவணும், டெங்கு கொசு முட்ட அந்த ஓரத்துல தான் ஒட்டிக்கும், தண்ணிய மட்டும் மாத்தினா போகாது. உருளியில பூ மிதக்க விடறவங்களுக்கும் இதே தான், காலையில கொட்டிடுங்க. கொழந்தையோ பூனையோ இருந்தா மணி பிளான்ட்ட எட்டாத ஒசரத்துல வைங்க, கடிச்சா வாயெல்லாம் எரியும். பிளாஸ்டிக் பூ பத்தி என்ன கேக்காதீங்க, மூணு மாசத்துல தூசி புடிச்சு அத கழுவறதே ஒரு வேலையா போச்சு.

கடைசியா எனக்கு ரொம்ப புடிச்சது, காசே இல்லாதது. சின்ன வயசுல அரச இலைய புக்ல வெச்சிருப்போமே, அதே தான், கொஞ்சம் பெருசா. முத்தின இலையா பத்து பதினஞ்சு எடுத்து மூடி போட்ட வாளி தண்ணியில மூணு நாலு வாரம் ஊற போடுங்க, பால்கனியில வைங்க ஏன்னா நாறும், வாராவாரம் தண்ணி மாத்துங்க. சதை கொழகொழன்னு ஆனதும் ஒரு தட்டுல கொஞ்சம் தண்ணி விட்டு இலைய படுக்க வெச்சு பழைய டூத் பிரஷ்ஷால லேசா தட்டுங்க, இழுத்து தேய்க்காதீங்க, கிழிஞ்சுடும். பச்சையெல்லாம் கரைஞ்சு போய் நரம்பு மட்டும் வல மாதிரி நிக்கும். நியூஸ்பேப்பர் நடுவுல வெச்சு மேல கனமான புக் ரெண்டு, மறுநாள் எடுத்து கருநீல சார்ட் பேப்பர் மேல ஒட்டி ஃப்ரேம் போடுங்க.

எனக்கு பன்னண்டு இலையில அஞ்சு கிழிஞ்சு ஏழு தேறிச்சு. போன மாசம் அம்மா வந்தப்போ அந்த ஃப்ரேம் கிட்ட போய் மூக்கு கண்ணாடிய ஏத்தி எறக்கி பாத்துட்டு, "நம்ம புள்ளையார் கோயில் மரத்தடியில கொட்டி கெடக்குதே, அடுத்த தடவ வர்றப்போ எத்தன வேணும்?"னு கேட்டாங்க.