800 கிலோவை மூன்றால் வகுக்காதீர்கள்: வயர்லெஸ் லோட் செல் முதற்பாடம்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு மேடைக்கு 12 மீட்டர் டிரஸ், அதாவது விளக்குகளைத் தொங்கவிடும் உலோகச் சட்டம், ஏற்றினோம். விளக்குகளோடு சேர்த்து 800 கிலோ. சங்கிலியால் தூக்கும் மூன்று செயின் மோட்டார்கள் இருக்கின்றன, ஒன்றுக்கு 267 கிலோ, அரை டன் மோட்டாரே தாராளம் என்று கணக்குப் போட்டவன் நான்தான். தரையை விட்டு எழும்பியதும் நடு மோட்டாரின் லோட் செல் (தொங்கும் சுமையை அளந்து வயர் இல்லாமல் திரைக்கு அனுப்பும் கருவி) 490 கிலோ காட்டியது. கருவி பழுது என்று அடித்துச் சொன்னேன். பழுது என் கணக்கில்தான் இருந்தது.

சுமை சீராகப் பரவி, மூன்று மோட்டார்களும் சம இடைவெளியில், ஒரே மட்டத்தில் தாங்கினால் முனைகளுக்குத் தலா 150, நடுவுக்கு 500. நடுச் சங்கிலி தளர்ந்தால் முனைகளுக்குத் தலா 400. ஒரு முனைச் சங்கிலி தளர்ந்தாலோ, 800 கிலோவும் நடு மோட்டார் தலையில்! மறுமுனை சும்மா தொங்கும். கீழிருந்து பார்த்தால் டிரஸ் நேராகத்தான் தெரியும்.

முதல் வேலை தரையில். ஒவ்வொரு லோட் செல்லின் தாங்குதிறன், அளவுத்திருத்தச் சான்றிதழின் தேதி, பேட்டரி மூன்றையும் பாருங்கள். எந்த எண் எந்த மோட்டாருக்கு என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கையால் இழுத்து, திரையில் அதே எண்தான் அசைகிறதா என்று சரிபாருங்கள். இடமும் வலமும் மாறிய திரையைவிடத் திரையே இல்லாமல் இருப்பது மேல்.

அடுத்து பூஜ்யம் வைப்பது. எதுவும் தொங்காதபோதே வையுங்கள். டிரஸ்ஸைத் தொங்கவிட்டுவிட்டுப் பூஜ்யம் வைத்தால் அதன் எடை கணக்கிலிருந்து மறைந்துபோகும்; மோட்டாருக்கு அது மறையாது.

லோட் செல்லை மோட்டார் கொக்கிக்கும் டிரஸ்ஸுக்கும் நடுவே மாட்டினால் டிரஸ்ஸின் சுமை மட்டும் தெரியும். மோட்டாருக்கு மேலே மாட்டினால் மோட்டாரும் சங்கிலியும் சேர்ந்து வரும். கூரை தாங்குவது அதைத்தான். ஷேக்கிள் வகையானால், அதாவது வாயைக் குறுக்குப் பின் அடைக்கும் U வடிவ வளையமானால், சுமை பின்னின் நடுவில் விழ வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் எண் பொய் சொல்லும்.

இந்தக் கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. வைஃபையும் அங்கேதான் இருக்கிறது. காலையில் காலி மைதானத்தில் ஒழுங்காக வந்த சிக்னல், மாலையில் ஆயிரம் கைபேசிகள் வந்ததும் தடுமாறலாம். ரிசீவரை எல்.இ.டி. திரைக்குப் பின்னால் வைக்காமல், லோட் செல்கள் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வையுங்கள். அசையாமல் நிற்கும் எண்ணைச் சந்தேகப்படுங்கள்: சுமை நிலையாக இருக்கலாம், சிக்னலே செத்தும் இருக்கலாம்.

இப்போது தூக்கலாம். அடியில் யாரும் நிற்கக் கூடாது. ஒரு முழம் எழும்பியதும் நிறுத்துங்கள். மோட்டார் ஓடும்போது எண் துள்ளும், அடங்கியபின் படியுங்கள். மொத்தம் 800-க்குப் பக்கத்தில் வருகிறதா? பங்கீடு சரியில்லையென்றால் தளர்ந்த மோட்டாரை மட்டும் சொடுக்குச் சொடுக்காக ஏற்றுங்கள். ஒரு சென்டிமீட்டரிலேயே எண்கள் இடம் மாறுவதைப் பார்க்கலாம். எச்சரிக்கை ஒலியை நான் மோட்டார் திறனில் 80 விழுக்காட்டில் வைக்கிறேன். அன்று மஞ்சக்குப்பத்தில் இறக்கிவிட்டு, நடுவில் ஒரு டன் மோட்டார் மாட்டிய பிறகே மறுபடி ஏற்றினோம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேடை போடுகிறவர்களுக்கு இன்னொன்று. பின்திரைத் துணி மழையில் நனைந்தால் ஏறும் எடையை லோட் செல் காட்டிவிடும். துணியைப் பக்கவாட்டில் தள்ளும் கடற்காற்றை அது சரியாகக் காட்டாது. அதற்குக் காற்றுவேகமானி தனியாக வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் உப்பை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, பேட்டரியைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள்.