வாழ்க்கைத்துணைக்குப் பிரெஞ்சு நாவல் பரிசளிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் கணவர் வேலை முடிந்து வந்து பிரெஞ்சு படிக்கிறார். வகுப்பில் சேர்ந்த முதல் வருடம், அவர் பிறந்தநாளுக்கு பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்டின் ஏழு பாக நாவலில் 1913இல் வெளிவந்த முதல் பாகத்தை ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், அவரோ அப்போது, ஏ1 முதல் சி2 வரை போகும் ஆறு மொழித்தேர்ச்சி நிலைகளில் இரண்டாவதான ஏ2 நிலையில் இருந்தார். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் “எனக்கு இந்த மொழி வராது போல” என்று மூடி வைத்துவிட்டார். பரிசு கொடுத்து ஒருவருடைய ஆர்வத்தைக் கெடுத்துவிட்டேனே என்று ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது.

எழுத்தாளரின் பெயரைப் பார்த்தேனே தவிர, படிக்கப் போகிறவரின் இன்றைய பிரெஞ்சைப் பார்க்கவில்லை. “உனக்கு எவ்வளவு பிரெஞ்சு வரும்?” என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. வகுப்பில் இப்போது எந்த நிலை என்று கேளுங்கள். பி1 முடித்தவர் மெல்லிய நாவல் ஒன்றைத் தொடலாம், பி2 தாண்டியவருக்குத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது, சின்னப் புத்தகம் என்றால் சுலபம் என்று நினைப்பது. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பிரெஞ்சில் பேசும்போது வரும் இறந்தகாலம் வேறு, கதைகளில் எழுதும் இறந்தகாலம் வேறு. ‘பிறந்தான்’ என்பதற்கு வகுப்பில் ‘இல் எ நே’ என்று படித்திருப்பார், நாவலைத் திறந்தால் ‘இல் நக்கி’ என்று இருக்கும். இந்த எழுத்து வடிவத்துக்கு பாஸே சாம்ப்ள் என்று பெயர், தொடக்க வகுப்புகளில் பெரும்பாலும் தொடமாட்டார்கள். பேச்சுத் தமிழ் மட்டும் கற்றவரிடம் ‘வந்தனன், உரைத்தனன்’ என்று ஓடும் கதையைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? எல்லோரும் பரிசாக வாங்கும் 1943ஆம் ஆண்டின் ‘குட்டி இளவரசன்’கூட மூலத்தில் பல இடங்களில் இந்த வடிவத்தில்தான் நகர்கிறது. (அது ஏற்கெனவே அவர் அலமாரியில் இருக்கவும் வாய்ப்பு அதிகம், பார்த்துக்கொள்ளுங்கள்.)

அப்படியானால் எதை வாங்கலாம்? கமுவின் ‘அந்நியன்’ 1942இல் வந்தது, பெரும்பாலும் பேச்சுவழக்கு இறந்தகாலத்திலேயே எழுதப்பட்டது. ஆனால் முதல் வரியே அம்மாவின் மரணம், அண்மையில் அம்மாவை இழந்தவர் கையில் அதைக் கொடுத்துவிடாதீர்கள். கதை என்ன என்று பார்க்காமல் நடைக்காக மட்டும் வாங்குவதும் தவறுதான். ஆனி எர்னோ 1983இல் எழுதிய ‘லா ப்ளாஸ்’ எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. நார்மண்டியில் சின்னக் காப்பிக்கடையும் மளிகைக்கடையும் நடத்திய தன் அப்பாவைப் பற்றி அலங்காரமே இல்லாத நடையில் எழுதியிருக்கிறார், நம்மில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த எவருக்கும் அது நெஞ்சைத் தொடும். தமிழில் படிக்க விரும்பினால் ‘அந்நியன்’ நாவலை வெ. ஸ்ரீராமும், ‘குட்டி இளவரசன்’ நாவலை அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்தும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். துணைக்கு மூலமும் உங்களுக்குத் தமிழும் வாங்கி, இருவரும் சேர்ந்து படிக்கலாம்.

பிரெஞ்சு நாவல் என்றால் பிரான்ஸ் மட்டும்தான் என்று நினைக்கவும் வேண்டாம். மொரிஷியஸில் பிறந்த நதாஷா அப்பனாவின் முதல் நாவல் 2003இல் வந்தது, இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கதை. பி2 தாண்டிய தமிழருக்கு அதைவிட நெருக்கமான பிரெஞ்சுப் புத்தகம் எனக்குத் தெரிந்து குறைவு.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை சில. உள்பக்கத்தில் ‘த்ரத்வி த லாங்லே’ என்று இருந்தால் அது ஆங்கிலத்திலிருந்து போன புத்தகம், அதைப் பிரெஞ்சு எழுத்தாளர் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ‘அப்ரேஜே’ என்றால் சுருக்கிய பதிப்பு. ‘தோம் 2’ என்றால் இரண்டாம் பாகம். அட்டையில் படமே இல்லையே, மட்டமாகத் தெரிகிறதே என்று ஒதுக்கவும் கூடாது, காலிமார் பதிப்பகத்தின் புகழ்பெற்ற வரிசையே வெளிர்மஞ்சள் அட்டையில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்டதுதான். இங்கே சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு படிப்பவருக்கு ‘போஷ்’ எனப்படும் சின்ன அளவுப் பதிப்பே வசதி.

கடைசி நேரத்தில் தேடாதீர்கள். சிங்கப்பூரில் பிரெஞ்சுப் புத்தகம் கிடைக்கும் கடைகள் கொஞ்சம்தான், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நாள் பிடிக்கும், அஞ்சல் செலவு போக 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரலாம். முடிந்தால் முதலில் நியூட்டன் பக்கம் சார்க்கீஸ் சாலையில் இருக்கும் பிரெஞ்சு மொழி, கலாசார மையமான அலியான்ஸ் பிரான்சேஸின் நூலகத்துக்குத் துணையோடு ஒரு சனிக்கிழமை போங்கள். எந்தப் புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் நின்றுகொண்டே படிக்கிறார் என்று கவனியுங்கள், அதே எழுத்தாளரின் வேறொரு நாவலை அப்புறம் தேடலாம். முதல் பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுங்கள், ஆனால் ஏற்கெனவே படித்த புத்தகமாக இருந்தால் கடையில் மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.