நோட்டரி சைனிங் ஏஜென்ட்: முதல் வேலை பிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் நோட்டரி கமிஷன் (நோட்டரியாகச் செயல்பட மாநிலம் தரும் நியமனம்) கைக்கு வந்ததும், வீட்டுக்கடன் பத்திரங்களில் கடன் வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கித் தரும் சைனிங் ஏஜென்ட் வேலை தானாகத் தேடி வராது. இந்த வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்னாப்டாக்ஸ் போன்ற இணையதளங்களில் பதிந்து, பின்னணிச் சோதனைச் சான்றையும் தொழில்பிழைக் காப்பீட்டையும் ஏற்றிவிடுங்கள். ஆனால் நல்ல கட்டணம் நேரடி வாடிக்கையாளரிடம்தான். அதற்கு உள்ளூர் டைட்டில் (சொத்துரிமையைச் சரிபார்க்கும்), எஸ்க்ரோ (பணத்தையும் பத்திரத்தையும் நடுவில் வைத்துக் கைமாற்றும்) அலுவலகங்களுக்கு நேரிலேயே போங்கள். மாதக் கடைசி வேண்டாம், அப்போது அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. மாத நடுவில் போனால் நின்று பேசுவார்கள். விசிட்டிங் கார்டின் பின்னால் ‘மாலை 6 மணிக்கு மேலும், சனிக்கிழமையும் வருவேன்’ என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். வழக்கமான ஆள் வராத நாளில் அந்த அட்டையைத்தான் தேடுவார்கள்.

அப்படி அழைப்பு வந்து போனால், கையெழுத்து வாங்கி முடித்து மேசையை விட்டு எழுமுன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி இனிஷியல் (சுருக்கக் கையெழுத்து), தேதி, முத்திரை மூன்றையும் பாருங்கள். ஒரு தேதி விட்டுப்போனாலும் கடன் பணம் தாமதமாகலாம்.