முதலில் கையெழுத்தைப் பாருங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுவை ஆய்வு செய்யப் போகிறேன் என்று யார் வந்தாலும், கேள்வித்தாளைப் பைக்குள் வைத்துவிட்டுத் தீர்மான நோட்டைக் கேளுங்கள் என்பேன்.

கிளம்புமுன் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21, 22 பிரிவுகளைப் படித்துவிடுங்கள். கால் மணி நேரம் போதும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள், வளர்ச்சித் திட்டம் போடுவது குழுவின் வேலை.

நோட்டு கைக்கு வந்ததும் தீர்மானத்தைவிட்டு, கூட்டத்துக்கு வந்ததாக உறுப்பினர்கள் போட்ட கையெழுத்தைப் பாருங்கள். நான் போன ஓர் ஊரில் பதினோரு மாதத்துக்கும் ஒரே நீல மை. ஓர் அம்மாவின் பெயருக்கு ஒரு பக்கத்தில் குறில், மறுபக்கத்தில் நெடில். நேரே தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். அதோடு அந்தப் பள்ளியில் எனக்குக் கதவு சாத்தப்பட்டது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கூட்டம் மூன்று மணிக்கு, அம்மாக்கள் நூறு நாள் வேலையில். அதிகாரி வருகிறார் என்றதும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டோடு வீடு வீடாகப் போயிருக்கிறான், ஆளில்லாத வீட்டுக்கு அவனே போட்டிருக்கிறான். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து, ஒரே ஒரு தீர்மானத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக் குழாய் என்றால் குழாய். யார் சொன்னது, கடிதம் எந்த அலுவலகம் போனது, பணம் எதிலிருந்து வந்தது, இன்று தண்ணீர் வருகிறதா? திறந்து பாருங்கள். கடிதம் அலுவலகத்தில் நின்றுவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் சரிசெய்யவில்லை?" என்று எழுதினால் கையை விரித்துவிடுவார்கள். "இத்தீர்மானம் தொடர்பான கடிதங்களின் நகல்" என்று எழுதுங்கள்.

பேட்டியைத் தலைமையாசிரியர் அறையில் வைக்காதீர்கள். இன்னொரு பள்ளியில் குழுத் தலைவி ஒவ்வொரு பதிலுக்கும் தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார் சொன்னா சரிதான்" என்றார். அன்று சாயங்காலம் தெருக்குழாயடியில் அவரே, "கூட்டம்னு ஒருநாளாச்சும் கூப்பிட்டாங்களா மேடம்?" என்றார்.

"இதை எழுதிக்கலாமாக்கா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். வேண்டாமென்றால் நோட்டை மூடுங்கள். சரியென்றாலும் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஒரு பள்ளிக்கு ஒரே தலைவிதான். அறிக்கையில் ஊரையும் மறைத்து, அவரை 'ஒரு உறுப்பினர்' என்றே எழுதுங்கள்.