கழுத்து வலியா? மேல்முதுகுக்கு வேலை கொடுங்கள்

கழுத்தை நீவிவிட்டால் எனக்கு அரை நாள் சுகம், மறுபடி அதே வலி. மேல்முதுகைப் பலப்படுத்தத் தொடங்கிய பிறகுதான் அடங்கியது.

தோள்பட்டை எலும்பைப் பின்னால் பிடித்து வைப்பது, கழுத்திலிருந்து நடுமுதுகு வரை விரிந்திருக்கும் ட்ரெபீசியஸ் தசையின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும். அவை பலவீனமாக இருந்தால், அந்த எலும்பின் மேல்முனையிலிருந்து கழுத்தின் முதல் 4 எலும்புகள் வரை ஓடும் தசை கூடுதல் சுமையைத் தாங்குகிறது. கழுத்தோரம் விண்ணென்று இழுப்பது பெரும்பாலும் அதுதான்.

கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, அடிபட்ட பின் வலி வந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

1. முகவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள். 10 முறை போதும். தலை குனியக் கூடாது.

2. ரப்பர் பட்டையை உறுதியான பிடிமானத்தில் மாட்டி, முழங்கை விலாவை உரசியபடி இழுங்கள். 10 முறை, 2 சுற்று, வாரத்துக்கு 3 நாள்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இழுக்கும்போது தோள் காதை நோக்கி ஏறிவிடும். அப்புறம் வேலை முழுக்கக் கழுத்துக்கே போய்விடும். சோதித்துப் பாருங்கள்: இடது உள்ளங்கையை வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே வைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் இழுங்கள். விரலுக்கடியில் கயிறு முறுக்கியதுபோல் இறுகினால் பட்டை உங்களுக்குக் கடினம். ஒரு அடி முன்னே வந்து, தோளைத் தளர்த்தி, மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக இழுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே இறுக்கம் தெரிந்தால் சரி. எடை கூட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

3. குப்புறப் படுத்து, நெற்றியை மடித்த துண்டில் வைத்து, கட்டைவிரல் மேலே பார்க்கக் கைகளைப் பக்கவாட்டில் தூக்குங்கள். எடை வேண்டாம், கையின் கனமே போதும்.

கைப்பிடி வைத்த குழாய்ப் பட்டையைவிட நீளமான தட்டைப் பட்டையே எனக்குப் பிடிக்கும். கையில் ஒரு சுற்று கூட்டியோ குறைத்தோ இறுக்கத்தை மாற்றலாம். வெடிப்பு விட்ட பட்டையைத் தூக்கிப் போடுங்கள், அறுந்தால் முகத்தில் அடிக்கும். முதுகை நிமிர்த்தும் பெல்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைப் போட்டுக்கொண்டால் தசைக்கு பலம் ஏறாது.

பின்சேர்க்கை: மறுநாள் முதுகு வலிப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே ஓரிரு நாள் வலித்தால் பயப்பட வேண்டாம். கை வழியே கீழே இறங்கும் வலி வேறு, உடனே நிறுத்துங்கள். இன்னொருவர் தரையில் வைத்த போனைப் பார்த்துக்கொண்டே செய்தாராம். போனைக் கண்மட்டத்தில் வையுங்கள், இல்லையென்றால் தலை முன்னால் தொங்கி, இழுக்கும்போதே கழுத்து இறுகும்.