இரவில் ரன்வே தெரிகிறது, மலை எங்கே?

இரவில் விமானத்தை இறக்க வரும்போது, ரன்வே விளக்குகள் கண்ணில் பட்டதும் கன்ட்ரோலர் விஷுவல் அப்ரோச் (கண்ணால் பார்த்தே இறங்கும் அனுமதி) கொடுத்துவிடுவார், கை தானாகவே பவரைக் குறைக்கப் போகும். கொஞ்சம் பொறுங்கள். அந்த அனுமதியை ஏற்றுக்கொண்ட நொடியிலிருந்து மலையில் இடிக்காமல் இறங்குவது உங்கள் பொறுப்பு. பகலில் இது பெரிய விஷயமில்லை, இரவில் மலையும் கறுப்பு, வானமும் கறுப்பு.

அதனால் வேலையைக் கிளம்புவதற்கு முன்பே தொடங்குங்கள். சார்ட்டில் (விமானிகளுக்கான வரைபடம்) ரன்வேயைச் சுற்றி எந்தப் பக்கம் மேடு, எவ்வளவு உயரம், உயரமான டவர்கள் எங்கே என்று பார்த்து வையுங்கள். அதில் போட்டிருக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் பொதுவாக 25 நாட்டிக்கல் மைல் ஆரத்துக்குள், தடைகளுக்கு மேல் 1,000 அடி இடைவெளி தரும். ரன்வேக்கு நேராக வந்து சேரும்வரை அதற்குக் கீழே போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

இனி கண் செய்யும் வம்பு. ரன்வேக்கு முன்னால் வீடோ சாலையோ இல்லாமல் வெறும் இருட்டாக இருந்தால், நீங்கள் உயரமாக இருப்பதாகத் தோன்றும், உடனே மூக்கைத் தாழ்த்துவீர்கள். பைலட்டுகள் இதைக் கருந்துளை அப்ரோச் என்கிறார்கள். போயிங்கில் இருந்த கான்ராட் கிராஃப்ட் 1960களில் சிமுலேட்டரில் சோதித்தபோது அனுபவசாலிகளே இதில் ஏமாந்து ரன்வேக்கு முன்பே தரையைத் தொட்டார்கள். ரன்வே மேல்நோக்கிச் சரிந்திருந்தாலும் இதே மயக்கம்தான், அப்படி ஓர் இடத்தில் இருட்டும் சேர்ந்துகொண்டால் கண்ணை நம்பவே நம்பாதீர்கள்.

கண்ணுக்குப் பதிலாகக் கணக்கு. 3 டிகிரி சரிவுக்கு ஒரு நாட்டிக்கல் மைலுக்கு சுமார் 300 அடி. 5 மைலில் ரன்வேக்கு மேல் 1,500 அடி இருக்க வேண்டும், ரன்வே கடல்மட்டத்திலிருந்து 2,000 அடி என்றால் ஆல்டிமீட்டர் (உயரம் காட்டும் கருவி) 3,500 காட்ட வேண்டும். இறங்கும் வேகத்துக்குத் தரைவேகத்தை 5-ஆல் பெருக்குங்கள், 90 நாட் (மணிக்கு 90 நாட்டிக்கல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 450 அடி. இதெல்லாம் ஆல்டிமீட்டர் செட்டிங் (அதில் வைக்கும் காற்றழுத்த அளவு) சரியாக இருந்தால்தான். 10 ஹெக்டோபாஸ்கல் கூடுதலாக வைத்துவிட்டால், காட்டுவதைவிட ஏறக்குறைய 300 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பீர்கள்.

பாப்பி (சரியான சரிவில் வருகிறீர்களா என்று காட்டும், ரன்வே ஓரத்து நான்கு விளக்குகள்) இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிய வேண்டும். மூன்று சிவப்பு என்றால் தாழ்ந்துவிட்டீர்கள். ஆனால் ரன்வே நேர்கோட்டிலிருந்து வெகுவாக விலகி, பக்கவாட்டில் வரும்போது அதை நம்பி இறங்காதீர்கள், தடையில்லாத பாதுகாப்பு குறிப்பிட்ட கோணத்துக்கும் தூரத்துக்கும் உள்ளேதான். ஐஎல்எஸ் (ரேடியோ மூலம் ரன்வேக்கு வழிகாட்டும் அமைப்பு) இருக்கிறதா, விஷுவலாகவே வந்தாலும் டியூன் செய்து வையுங்கள், காசா பணமா.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: தூரத்து ஊர் விளக்குகள் கீழிருந்து ஒவ்வொன்றாக மறைந்தாலோ, ரன்வே விளக்குகளே சிமிட்டி சிமிட்டித் தெரிந்தாலோ, நடுவில் ஏதோ எழும்பி நிற்கிறது. மேகமாக இருக்கலாம், மலையாகவும் இருக்கலாம். அது எது என்று யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். பவரைக் கொடுத்து ஏறுங்கள், பாதுகாப்பு உயரத்துக்குப் போன பிறகு கன்ட்ரோலரிடம் பேசிக்கொள்ளலாம்.